இருநூறு மீற்றர் பிழையும் வாசிக்கப்படாத எச்சரிக்கையும்

மாங்குளம் சந்தியில் இன்று இறங்கும் ஒருவர் முதலில் காண்பது கடைத்தெருவையும், கண்டி வீதியில் ஓயாது ஓடும் வாகனங்களையும், முல்லைத்தீவு நோக்கிப் பிரியும் வீதியையும்தான். 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இடிபாடாகக் கிடந்த மாங்குளம் நிலையமும் உயிர்பெற்றது. ஆனால் அதற்கு முன்னைய ஆண்டுகளில் இவ்வழியே பயணித்தோரின் நினைவில் நிற்பது வேறொன்று. வீதியின் இருமருங்கிலும் மண்டையோட்டுக் குறியுடன் நின்ற சிவப்புப் பலகைகளையும், அவற்றை இணைத்துக் கட்டியிருந்த நாடாக்களையும் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள்.

அப்பலகைகள் பிடுங்கப்பட்ட நிலங்கள் பலவற்றில் இப்போது நெல்லும் கச்சானும் விளைகின்றன. பலகை எங்கே நின்றது, நாடா எதுவரை சென்றது என்பதை இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு கணினிக் கோப்பு மட்டுமே.

அக்கோப்பில் இருப்பவை எண்கள். மிதிவெடி இருந்ததாக அறியப்பட்ட, அல்லது சந்தேகிக்கப்பட்ட நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சோடி எண்கள். மூலைகளை வரிசையாக இணைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி உருவாகிறது. வெடி அகற்றும் பணியாளர் களத்தில் இவ்வெண்களை மட்டும் நம்பி இறங்குவதில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். ஒரு மதகு, ஒரு மைல்கல், ஒரு பெருமரம் என ஏதாவதோர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை பாகையில் எத்தனை மீற்றர் என்று அளந்து முளை அடிப்பதே வழக்கம். ஆயினும் வீதி அகலிப்பில் மதகு இடிக்கப்படுகிறது. மரம் தறிக்கப்படுகிறது. முளை உக்கிப் போகிறது. இருபது ஆண்டுகள் கழித்து வருபவருக்கு மிஞ்சுவது எண்கள்தான். அந்த எண்களை நிலத்தின் மீது பொருத்திக் காட்டும் வேலையை மென்பொருள் செய்கிறது. மென்பொருளோ நின்ற இடத்தில் நிற்பதில்லை.

நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்: அறிவியல் மென்பொருள்களை எழுதுவோர், எவரும் பயன்படுத்துவதில்லை எனக் கருதும் பழைய வசதிகளை அவ்வப்போது நீக்கிவிடுகிறார்கள். அவ்வாறு நீக்கும்போது பயனாளருக்கு எப்படி அறிவிக்கிறார்கள்? அந்த அறிவிப்பு யாரைச் சென்றடைகிறது? யாரைச் சென்றடைவதில்லை? இது கணினித்துறையினரின் வீட்டு விவகாரம் அன்றோ என வாசகர்களுள் சிலர் எண்ணக்கூடும். வன்னி நிலத்தில் வாழ்வோருக்கு இது வயலும் வரம்பும் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதே எமது கருத்து.

முதலில் நீக்குவோரின் நியாயத்தைக் கேட்போம். குளக்கட்டு ஒன்றில் பழைய துருசு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனூடாக நீர் பெறுவோர் இப்போது எவரும் இல்லை. ஆயினும் அது இருக்கும் வரை, கட்டின் பலவீனமான இடம் அதுவே. ஒவ்வொரு மாரிக்கும் முன் அதனைப் பார்க்க வேண்டும், பூச வேண்டும், கசிவு உண்டா எனக் காவல் இருக்க வேண்டும். மென்பொருளில் பயன்படாத வசதியும் அப்படித்தான். அதனை ஒருவரும் தொடாவிட்டாலும், புதிய கணினிகளில் அது இயங்குகிறதா எனச் சோதிக்கவும், மற்றொரு பகுதியை மாற்றும்போது இதனையும் சேர்த்து மாற்றவும் ஆள் வேண்டும். அறிவியல் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரு சில ஆய்வாளரின் ஓய்வு நேர உழைப்பில் நிற்பவை. அந்த உழைப்பைத் தேவையற்றதில் செலவிட முடியாது. எனவே துருசை மூடுவது தவறல்ல. ஆனால் மூடுவதற்கு முன், அந்த வாய்க்காலின் கடைசி வயல் யாருடையது என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிறுபோகத்துக்கு மட்டும் நீர் எடுக்கும் கமக்காரர் ஒருவர் அங்கே இருக்கக்கூடும்.

இனி உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். உலகெங்கும் வரைபட மென்பொருள்களின் அடித்தளத்தில் இயங்கும் சிறிய நிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் புரொஜ். உருண்டையான பூமியில் உள்ள ஓர் இடத்தைத் தட்டையான தாளின் ஆள்கூறாக மாற்றுவதும், ஒரு நாட்டின் ஆள்கூறை இன்னொரு முறைக்குப் பெயர்ப்பதும் இதன் பணி. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரல்ட் எவண்டன் என்பவர் 1980களில் எழுதியது. இலவசமாகக் கிடைப்பதனால், மாணவர் முதல் அரச திணைக்களம் வரை பலரும் கையாளும் கியூஜிஐஎஸ் உள்ளிட்ட மென்பொருள்களின் உள்ளே இது குடியிருக்கிறது. குடியிருப்பது பெரும்பாலான பயனாளருக்குத் தெரியாது.

இலங்கைக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதற்கு நமது நில அளவையின் வரலாற்றைச் சற்றே தொட வேண்டும். 1800 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம், தீவு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்தபோது, நீர்கொழும்புப் பகுதியிலுள்ள கந்தவல என்ற இடத்தை ஆதாரப் புள்ளியாகக் கொண்டது. பூமியின் வடிவத்துக்கு, இந்தியாவை அளந்த எவரெஸ்ட் என்பவரின் பெயரால் வழங்கும் 1830 ஆம் ஆண்டின் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. எங்கிருந்து அளக்கத் தொடங்குவது, பூமியை எவ்வளவு பெரிய கோளமாகக் கொள்வது என்ற இவ்விரண்டும் சேர்ந்ததே ஒரு நாட்டு வரைபடத்தின் ஆதாரம். இலங்கையின் பழைய ஆதாரத்துக்குக் கந்தவல என்றே பெயர். 1999 இல் திணைக்களம் தன் அளவைகளைச் செய்மதி உதவியுடன் மீளச் சீர்செய்து புதிய ஆதாரம் ஒன்றை அமைத்தது. நமது கைத்தொலைபேசியிலும் ஜி.பி.எஸ். கருவியிலும் கிடைக்கும் ஆள்கூறோ இவ்விரண்டுமன்று. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 எனப்படும் உலகப் பொது ஆதாரத்தில் அமைந்தது.

ஆகவே மாங்குளத்தில் உள்ள ஒரே கிணற்றுக்கு மூன்று விதமான ஆள்கூறுகள் உண்டு. மூன்றும் சரியானவையே. எது எந்த ஆதாரத்துக்குரியது என்பது தெரியாவிட்டால் மூன்றும் பிழையானவை.

பழைய கட்டத்துக்கும் 1999 இன் கட்டத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இரண்டுக்கும் பிதுருதலாகல மலையே நடுப்புள்ளி. ஆனால் பழைய கட்டத்தில் அப்புள்ளிக்குக் கிழக்காக 200,000 மீற்றர், வடக்காக 200,000 மீற்றர் என எண் கொடுக்கப்பட்டிருந்தது. புதியதில் இவ்வெண்கள் தலா 500,000 ஆயின. ஒன்றை மற்றொன்றென மயங்கினால் இடம் 300 கிலோமீற்றர் கிழக்கேயும் 300 கிலோமீற்றர் வடக்கேயும் தள்ளிப் போய்க் கடலுக்குள் விழும். விழுந்த உடனே எவருக்கும் புரிந்துவிடும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். இது நல்ல பிழை. ஆபத்தான பிழை வேறு. கட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு, கந்தவல ஆதாரத்திலிருந்து உலக ஆதாரத்துக்குப் பெயர்க்கும் திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டால், இடம் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக இருநூறு மீற்றருக்குச் சற்று மேல் நகர்கிறது. அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். குளம் குளத்தருகே இருக்கும், வீதி வீதியருகே இருக்கும். காட்டோரத்து மிதிவெடி எல்லை மட்டும் பக்கத்து வயலுக்குள் வந்திருக்கும். அல்லது வயலாகக் காட்டப்படும் இடம் காட்டோரமாக இருக்கும்.

புரொஜ் நிரலில் இத்திருத்தத்தைக் கையாளும் முறையே 2019 இல் மாற்றப்பட்டது. அதுவரை, எந்த நாட்டின் ஆதாரத்தையும் முதலில் உலக ஆதாரத்துக்கு மாற்றி, அங்கிருந்து வேண்டிய ஆதாரத்துக்கு மாற்றும் ஒரு பொதுச்சந்தி முறை இருந்தது. அதற்கான நகர்வு எண்களைப் பயனாளர் ஒரு வரியில் எழுதிவிடலாம். கந்தவலவுக்கு மூன்று எண்கள். அவற்றை எழுதிய அந்த ஒரு வரி, கோப்பிலிருந்து கோப்புக்கு, ஆய்வாளரிடமிருந்து மாணவருக்கு எனக் கைமாறிக்கொண்டே வந்தது. ஆனால் உலக ஆதாரமே காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வருவதால், அச்சந்தி வழியே செல்லும் கணக்கில் மீற்றர் அளவிலான பிழை சேர்கிறது. சென்ரிமீற்றர் அளவுக்கு நிலத்தை அளக்கும் இக்காலத்துக்கு அது போதாது. எனவே 2019 மார்ச்சில் வெளியான ஆறாம் பதிப்பில் புதிய முறை புகுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், புரொஜ்ஜின் மீது அமைந்த ஜிடால் என்ற மற்றொரு அடிப்படை மென்பொருளின் மூன்றாம் பதிப்பு வெளியாகியது. ஓர் ஆதாரத்தைப் பழைய பாணியிலான வரியாக எழுதித் தரும்படி அதனிடம் கேட்டால், நகர்வு எண்களை அது வழக்கமாகச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. பழைய வரியை நம்பி அடுத்த கணக்குக்குச் சென்ற நிரல்களில், திருத்தம் வழியிலேயே உதிர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது.

செய்தது சரியா என்று கேட்டால், சரி என்றே நாம் சொல்வோம். பிழை சேர்க்கும் முறையைப் பழக்கம் கருதிக் காப்பாற்றி வைப்பது அறிவியலாகாது. எப்படி அறிவித்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இதில் பாராட்டத்தக்கதும் உண்டு, போதாததும் உண்டு.

பாராட்டத்தக்கது இது. புரொஜ்ஜைத் தம் மென்பொருளுக்குள் வைத்துக் கட்டும் நிரலாளர்களுக்கு, பழைய இடைமுகம் ஒரே நாளில் மறுக்கப்படவில்லை. ஆறாம் பதிப்பில் அது இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டுமாயின், கைவிடப்பட்ட இடைமுகத்தைப் பயன்படுத்துவதை நான் ஏற்கிறேன் என்ற பொருள்பட ஒரு வரியை நிரலாளர் தம் கையாலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் நிரல் உருவாகவே மாட்டாது. கையொப்பமிட்டுவிட்டு உள்ளே போ என்பது போன்ற ஏற்பாடு. இப்படி இரண்டு ஆண்டுகள் கடந்த பின், 2021 மார்ச்சில் வெளியான எட்டாம் பதிப்பில்தான் பழைய இடைமுகம் முற்றாக அகற்றப்பட்டது. தமக்குத் தெரியாது என்று எந்த நிரலாளரும் சொல்ல இயலாது.

ஆனால் நிரலாளர் வேறு, பயனாளர் வேறு. கையொப்பமிட்டவர் பேர்லினிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒருவர். அவர் கட்டிய மென்பொருளைக் கிளிநொச்சியில் திறந்து பார்ப்பவரின் முன்னால் அந்தப் பத்திரம் வைக்கப்படவில்லை.

பயனாளர் வரை அறிவிப்பைக் கொண்டுபோக முயன்ற ஒருவரையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஆர் எனப்படும் புள்ளிவிபரக் கணினி மொழியில் வரைபட வேலை செய்வோர் இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தவை ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மெப்ரூல்ஸ் என்ற மூன்று பொதிகள். இவற்றைப் பேணியவர் நோர்வேயின் பேர்கன் நகரில் பொருளியல் கல்லூரியொன்றில் புவியியல் கற்பித்த பேராசிரியர் ரொஜர் பிவண்ட். தாம் ஓய்வுபெறும் காலம் வந்தபோது, இப்பொதிகளுக்கும் ஓய்வு கொடுக்க அவர் தீர்மானித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2021 இல், அதனை அறிவித்தார். எஸ்எஃப், டெரா என்ற புதிய பொதிகளுக்கு எவ்வாறு மாறுவது என விளக்கங்கள் எழுதப்பட்டன. அம்மூன்றையும் நம்பியிருந்த ஏனைய பொதிகளின் பொறுப்பாளர்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டது. பொதியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இது 2023 இல் ஓய்வுபெறுகிறது, மாறிக்கொள்ளுங்கள் என்ற செய்தி திரையில் வந்தது. இறுதியாக 2023 ஒக்ரோபர் 16 ஆம் திகதி மூன்றும் களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்டன. விலக்கப்பட்டவை அழிக்கப்படவும் இல்லை. தேடிப் போவோருக்குப் பழைய பதிப்புகள் ஆவணக் காப்பில் கிடைக்கின்றன.

அதற்கு முன்னரே ஆர்ஜிடால் இன்னொன்றையும் செய்தது. பழைய பாணி வரியில் ஆதாரம் உதிர்ந்துபோகும்போதெல்லாம், இன்ன பெயருடைய ஆதாரம் கைவிடப்பட்டது என்று எச்சரித்தது. சரியான எச்சரிக்கை, சரியான நேரத்தில். ஆயினும் அதனை வாசித்தோர் எத்தனை பேர்? திரையில் சிவப்பாக இருபது வரிகள் ஓடும்போது, இறுதியில் வரைபடம் வந்துவிட்டால் போதும் என்று மேலே பார்க்காமல் போவது மனித சுபாவம். எச்சரிக்கைகளை மறைத்துவிடும் கட்டளையை முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கும் நிரல்களும் உண்டு. மூத்த மாணவர் ஒருவர் எழுதியது, அடுத்த ஆண்டு மாணவருக்குப் போகும்போது அந்த முதல் வரியும் சேர்ந்தே போகிறது. ஏன் அங்கே இருக்கிறது என்பது மட்டும் போவதில்லை.

பயனாளர் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமன்று. அறிவியல் கணிப்புகளில் பெருவழக்கான பைதன் மொழியில், நீக்கப்படவுள்ள வசதிகள் பற்றிய எச்சரிக்கை வகை 2010 இல் வெளிவந்த 2.7 ஆம் பதிப்பிலிருந்து வழமையில் மறைத்தே வைக்கப்பட்டது. அவை நிரல் எழுதுவோருக்குரியவை, இயக்குவோருக்குத் தொல்லை தரக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் அறிவியலில் எழுதுவோரும் இயக்குவோரும் பெரும்பாலும் ஒருவரே. 2018 இல் இந்நிலை ஓரளவு தளர்த்தப்பட்டு, நேரடியாக இயக்கும் நிரலில் மட்டும் எச்சரிக்கை காட்டப்படலாயிற்று. அதே மொழியில் எண் கணிப்புக்கான நம்பை என்ற நூலகம் வேறொரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டது. முழு எண்ணைக் குறிக்கும் பழைய பெயர் ஒன்றையும் அதன் கூட்டாளிகள் சிலவற்றையும் 2021 ஜனவரியில் கைவிடப்பட்டவையென அறிவித்து, 2022 டிசம்பரில் நீக்கினார்கள். நீக்கிய பின்னும், அப்பெயரை எவரேனும் எழுதினால், அது இன்ன பதிப்பில் கைவிடப்பட்டது, அதற்குப் பதிலாக இன்னதை எழுதுக என்ற விளக்கம் பிழைச்செய்தியிலேயே வருகிறது. கடை மாறிப் போனவர் பழைய கதவில் புதிய விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவது போல. இரண்டு வருடம் எந்த அறிவிப்பையும் பார்க்காதிருந்தவர்கூட, தேவைப்பட்ட அன்றைக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்குகிறது. பெயர் ஒன்றை நீக்கினால் நிரல் நின்றுவிடும், நின்றுவிட்டதனால் பயனாளர் காரணம் தேடுவார். வசதி ஒன்று நீங்கியும் நிரல் நிற்காமல் வேறு விடையைத் தருமானால் எவரும் தேட மாட்டார். 300 கிலோமீற்றர் பிழைக்கும் இருநூறு மீற்றர் பிழைக்கும் இடையிலான வேறுபாடும் இதுவே. ஒரு வசதியை எடுக்கத்தான் வேண்டுமென்றால், அதை நம்பியிருக்கும் கணக்கு சத்தமாக நின்றுபோகும்படி எடுப்பது, அமைதியாக ஓடவிட்டுப் பிழையாக விடைதருவதிலும் ஆயிரம் மடங்கு மேல்.

எவரும் பயன்படுத்தவில்லை என்பதை எப்படி அறிகிறார்கள் என்றொரு கேள்வியும் இருக்கிறது. வணிக மென்பொருள்கள் இணையம் வழியாகப் பயனாளரின் ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணிக்கொள்கின்றன. அறிவியல் மென்பொருள்களிற் பல அவ்வாறு வேவு பார்ப்பதில்லை, அது அவற்றின் நற்குணம். ஆகவே பொதுவெளியில் உள்ள நிரல்களைத் தேடிப் பார்க்கிறார்கள், பயனாளர் மடல்களில் கேட்கிறார்கள், பதில் வராவிட்டால் ஆளில்லை என முடிவு செய்கிறார்கள். பதில் சொல்பவர் யார்? ஆங்கிலத்தில் எழுதத் தயங்காதவர், இணைய வசதி தடையின்றி உள்ளவர், அப்படியொரு மடற்குழு இருப்பதையே அறிந்தவர். எண்ணப்படுபவர் அவர்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரெடுக்கும் கடைசி வயற்காரர் அக்கூட்டத்துக்கு வருவதில்லை.

கந்தவல போன்ற ஆதாரங்களின் கதியும் இத்தகையதே. ஒரு காலத்தில் கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளின் தெரிவுப் பட்டியலில் கந்தவல என்ற பெயர் இருந்தது. கருவியை அதற்கு மாற்றிவிட்டால் பழைய வரைபடத்தோடு நேரடியாக ஒப்பிடலாம். இன்று பலரும் கையில் வைத்திருக்கும் தொலைபேசிச் செயலிகளுட் பெரும்பாலானவற்றில் அப்படியொரு தெரிவு இல்லை. உலக அளவில் பார்த்தால் ஒரு சிறு தீவின் பழைய ஆதாரத்தை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த ஆதாரத்தில் அச்சிட்ட தாள்கள் நமது கச்சேரிகளிலும் காணி அலுவலகங்களிலும் இன்னும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன.

மிதிவெடித் தகவலுக்கென்றே அமைந்த மென்பொருளில் நிலைமை வேறு, ஒருவகையில் மேலானது. இம்ஸ்மா என்ற அம்மென்பொருள், மனிதாபிமான மிதிவெடி அகற்றலுக்கான ஜெனிவா சர்வதேச நிலையத்துக்காகச் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, 1999 இல் கொசோவோவில் முதன்முதல் பயன்பட்டது. பின்னர் புதிய தலைமுறை என்ற பெயரில் மறுபடி எழுதப்பட்டது. அதற்கும் பின்னர், இணையவழியில் இயங்கும் மூன்றாவது வடிவம் முற்றிலும் வேறான அடித்தளத்தில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய படிவங்களும் பழைய அறிக்கை முறைகளும் வழக்கொழிந்தன. ஆயினும் இம்ஸ்மாவின் பயனாளர் முகமற்றவர் அல்லர். எந்த நாட்டின் எந்த அலுவலகம் அதை வைத்திருக்கிறது என்பது ஜெனிவாவுக்குத் தெரியும். ஆட்களை அழைத்துப் பயிற்றலாம், தரவுகளை மாற்றும்போது அருகிலிருந்து ஒப்புநோக்கலாம். 2010 இல் அமைக்கப்பட்ட எமது தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையமும் அத்தகைய உதவியோடுதான் புதிய வடிவத்துக்கு மாறும் வேலையில் இறங்கியது. பயனாளரைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்த இடத்தில் அறிவித்தல் சுலபமாகிறது.

ஆனால் நிலையத்தின் கணினியிலிருந்து வெளியேறும் வரைபடங்களுக்கு அக்காவல் இல்லை. வீதி அபிவிருத்தியினர், வனத் திணைக்களத்தினர், மீள்குடியேற்றத்துக்கு உதவும் அமைப்பினர், ஆய்வு மாணவர் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்கலாம். அவரவர் தத்தம் மென்பொருளில் அவற்றைத் திறப்பார். 2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் தொடங்கிய பணியின் பதிவுகளும், 2009 க்குப் பின்னைய பதிவுகளும் ஒருங்கே கிடக்கும் நாடு இது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசம்பரில். அதன்படி நிலத்தை முற்றாகத் துப்புரவு செய்வதற்கான கெடு 2028 ஜூன். கெடு நெருங்க நெருங்கக் களப்பணியாளர் குறைவார்கள், அலுவலகங்கள் சுருங்கும். அதன் பின்னர் எங்கேனும் ஒரு கிணறு வெட்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவை பழைய கோப்புகளே. நாம் கூறியது போன்ற விபரீதம் எங்காவது நடந்துவிட்டது என இங்கு நாம் சொல்ல வரவில்லை. நடப்பதற்கான வழி திறந்திருக்கிறது என்பதையே சொல்கிறோம்.

ஈழத்துத் தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய இழப்பு புதிதன்று. பாமினி எழுத்துருவில் நம்மவர் தட்டச்சுச் செய்து குவித்த கட்டுரைகளை இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளின் குழம்பு ஒன்றே தெரியும். ஒருங்குறி வந்ததும், வந்தது நல்லதென்றே நாமும் மாறினோம். மாறியபோது பழைய தட்டுகளை மாற்றி எழுத எவரும் நேரம் ஒதுக்கவில்லை. எமது மேசையிலும் அப்படியான தட்டுகள் சில உள்ளன. பக்க வடிவமைப்புக்கு அந்நாளில் பயன்படுத்திய மென்பொருளின் கோப்புகளை, அதே மென்பொருளின் வழிவந்ததாகச் சொல்லப்படும் புதியது திறக்க மறுக்கிறது. எப்போது மறுக்கத் தொடங்கியது என்பதை நாம் கவனிக்கவில்லை. அறிவித்திருப்பார்கள், சந்தேகமில்லை. இதில் ஒருங்குறி அமைப்பினரின் கொள்கை கவனத்துக்குரியது. ஒருமுறை இடம் கொடுக்கப்பட்ட எழுத்து எக்காலத்திலும் நீக்கப்படாது, வேண்டுமானால் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் குறிக்கப்படும். எல்லா மென்பொருளுக்கும் இது ஏலாது. எண்களின் பொருளைச் சொல்லும் பகுதிகளுக்கு மட்டுமாவது ஏலும் என்பது எமது எண்ணம்.

தூரதேசத்து நிரலாளர்களிடம் நாம் கேட்கக்கூடியது கொஞ்சம். நம் கையில் உள்ளதோ அதிகம். அறிவியல்நகரில் பொறியியல், விவசாய பீடங்களும் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் இயங்கும் காலம் இது. தாம் கற்பிக்கும் மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்போடும் வரும் மாற்றக் குறிப்பை வாசித்து, வடக்கின் அலுவலகங்களுக்குத் தமிழில் ஒரு பக்கத்தில் சொல்லும் பொறுப்பை அவற்றுள் ஒன்று ஏற்றுக்கொண்டால், மாதம் அரை நாள் வேலைக்கு மேல் இராது. நில அளவைத் திணைக்களத்தின் மாவட்டக் கிளைகள், தெரிந்த புள்ளிகள் பத்தின் ஆள்கூறுகளை மூன்று ஆதாரங்களிலும் எழுதி வெளியில் தொங்கவிடலாம். மென்பொருளைப் புதுப்பித்த எவரும், அப்புள்ளிகளை மாற்றிப் பார்த்து விடை பொருந்துகிறதா என ஐந்து நிமிடத்தில் அறியலாம். எந்த எச்சரிக்கையை வாசிக்கத் தவறினாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். கோப்பைக் கைமாற்றும் அலுவலகம், இன்ன ஆதாரம், இன்ன மென்பொருளின் இன்ன பதிப்பு, இன்ன திகதி என்று நான்கு வார்த்தை எழுதாமல் அதனை வெளியே விடக்கூடாது.

இந்நான்கு வார்த்தையும் புதிதாக நாம் கண்டுபிடித்தவையல்ல. நில அளவைத் திணைக்களம் அச்சிட்ட பழைய வரைபடத் தாள்களை விரித்துப் பார்த்தால், எந்த வீழ்ப்பு, எந்தக் கோளம், கட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் சிறிய எழுத்தில் கீழ் ஓரத்தில் இருக்கும். தாளைக் கணினிக்குள் ஏற்றுவதற்காக ஸ்கான் செய்யும்போது, படம் சதுரமாக வரவேண்டும் என்று முதலில் வெட்டி விடப்படுவது அந்த ஓரம்தான்.